குத்தகை வெயில்

வின்னிபெக்கில் அந்த வீட்டு எல்ம் மரத்துக்கு
இலையுதிர்காலத்தில் ஆரஞ்சுப் புள்ளி வைத்துப் போனார்கள்.
வண்டு கொண்டுவந்த நோய்.
பிப்ரவரியில் ரம்பத்தோடு வந்தார்கள்.
லொரெட் அப்போது பள்ளிப் பேருந்தில்
முப்பத்தோரு பிள்ளைகளோடு
பனியில் ஊர்ந்துகொண்டிருந்தாள்.
திரும்பி வந்தபோது
வீட்டின் முன் வானம் நின்றிருந்தது.

நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்போம்.
அவளுக்கோ பத்தொன்பது வருடம் கழித்து
வெயிலுக்கே அன்றுதான் முகவரி கிடைத்தது.
மே கடைசியில் விரிந்த ஹோஸ்டா இலைகள்
ஓரம் கருகிக் காகிதமாயின.
பெரணிகளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

ஒரு ஞாயிறு முழுக்க
ஐஸ்கிரீம் குச்சிகளை மணிக்கொன்றாய் மண்ணில் நட்டு
எங்கே எத்தனை நேரம் என்று கணக்கெடுத்தாள்.
முன்வாசலில் ஒன்பது மணி நேரம்.
மாலையில் மட்டும் லிகாயாவின் புகைபோக்கி
குறுக்கே நடந்து போனது.
இரண்டு வீட்டுக்கும் நடுவிலிருந்த சந்தில்
ஒரு குச்சிக்கும் வேலையில்லை.

லிகாயா வேலியோரம் வந்து புலம்பினாள்:
இரவெல்லாம் மருத்துவமனை, பகலில்தான் தூக்கம்,
மரம் போனதிலிருந்து இமைமேல் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளிச்சம்.
லொரெட்டுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.
பூ வாங்கப் போகிறேன் என்றாள்.

நாற்றுப்பண்ணையில் தொட்டிக்கொரு சீட்டு,
சீட்டிலொரு வட்டம்:
முழுக் கறுப்பு, பாதிக் கறுப்பு, வெறும் வட்டம்.
இத்தனை நாளும் முழுக் கறுப்பின் மேசையில் நின்றவள்
எல்லை தாண்டுகிறவள் மாதிரி
சட்டைப்பையைத் தடவிக்கொண்டே அந்தப் பக்கம் போனாள்.

"பல்லாண்டுச் செடி வாங்குங்கள்,"
என்றான் டீட்ரிக், ரப்பர் குழாயை மடக்கியபடி.
"ஒரு தடவை செலவு. வருடா வருடம் தானே வரும்."
"அடுத்த வருடம் நகராட்சி ஒரு லிண்டன் கன்று நடுமாம்.
இந்த வெயில் எனக்குக் குத்தகைக்குத்தான், தம்பி.
வருடக் கணக்கு போதும்."

பெட்டூனியா வேண்டாம்.
வாடியதைக் கிள்ளிக்கொண்டே இருக்கவேண்டும்,
விரலெல்லாம் பிசின்.
சூரியகாந்தி எத்தனை நெட்டையானாலும்
லிகாயாவின் மாடிச் சன்னலை எட்டாது.
காஸ்மாஸ் பன்னிரண்டு.
அடிமரத்தை அரைத்த தூள் கிடக்கிறதே,
சத்தை உறிஞ்சி வைத்திருக்கும் அந்த மண்,
அங்கே காஸ்மாஸ்தான் வாழும்.
தின்னக் கொடுத்தால் இலையாய்ப் போடும்,
பட்டினி போட்டால் பூக்கும்.
ஜினியா ஒரு தட்டு, எட்டுச் செடி,
நிறம் கலந்து வரும், பூத்தால்தான் தெரியும் என்றார்கள்.

பத்துமணிப் பூவின் முன் வெகுநேரம் நின்றாள்.
வெயில் ஏறினால் திறக்கும், மேகம் வந்தால் மூடும்.
அவள் பேருந்தை நிறுத்தி வீடு சேர்வதற்குள்
கடையைச் சாத்தியிருக்கும்.
இருந்தும் எடுத்துக்கொண்டாள்.
தபால்காரர் பார்க்கட்டும்.

கடைசியாக ஆறு செடி, இளஞ்சிவப்பு.
இதை எழுதுகிற மொழியில் அதற்கு நித்யகல்யாணி என்று பெயர்.
அங்கே சீட்டில் 'ஓராண்டு' என்றிருந்தது.
செப்டம்பரில் ஒரு இரவு உறைபனி விழும்,
நித்தியம் அன்றோடு சரி.
லொரெட்டுக்கு அந்தப் பெயர் தெரியாது.
இதழ் ஐந்தா என்று எண்ணிப் பார்த்து
வண்டியில் வைத்தாள்.

சனிக்கிழமை காலை நட்டு முடித்தபோது
ஒரு ஜினியா மிஞ்சியது.
இடைவெளி கணக்கில் எங்கோ தப்பு.
கையில் அதோடு குழாயடிக்குப் போனவள்
சந்து வாயில் நின்றுவிட்டாள்.

உள்ளே,
ஒருநாளும் வெயில் பார்த்திராத அந்தச் சுவரில்
தாம்பாளம் அகலத்துக்கு வெளிச்சம்
நெளிந்துகொண்டிருந்தது.

அண்ணாந்தாள்.
லிகாயா தன் மாடிச் சன்னலை
சமையலறை அலுமினியத் தாளால்
மூலைக்கு மூலை ஒட்டிவிட்டுத் தூங்கியிருந்தாள்.
தாள் சுருங்கிய இடமெல்லாம் ஒரு சூரியன்.

எத்தனை நேரம் இருக்குமோ.
லொரெட் கைக்கரண்டியைத் தேடவில்லை.
விரலாலேயே தோண்டினாள்,
சத்தம் வராமல்.